ஒரு பாட்டும் ஒரு மௌனமும்

சங்கீதத்தைப் பற்றி எழுத எனக்கு யோக்கியதை கிடையாது. ராகம் கண்டுபிடிக்கத் தெரியாது. தாளம் போட ஆரம்பித்தால் பக்கத்தில் இருப்பவர் சற்று நகர்ந்து உட்காருவார். அப்படிப்பட்ட நான் ஒரு பாடகரைப் பற்றி எழுதப் புறப்பட்டிருக்கிறேன். அவர் பாடிய ஒரு பாட்டும், அதன் பின் அவர் வாய் திறக்க மறுத்ததும் என்னைப் பல வருஷங்களாகத் தூங்கவிடாமல் தொந்தரவு செய்கின்றன. இதை எழுதி முடித்தாலாவது தொந்தரவு தீருமா என்று பார்க்கிறேன். தீராது என்றுதான் தோன்றுகிறது.

பால் ரோப்ஸன் என்ற பெயரை எனக்கு முதன்முதலில் சொன்னவர் எங்கள் ஊர்ப் பெரியவர் ஒருவர். ஹைஸ்கூல் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். துப்புரவுத் தொழிலாளிகளின் கூலிக்காக இரண்டு தடவை சிறைக்குப் போனவர். என்னைப் போல் பேனா பிடிக்க ஆசைப்பட்ட பையன்களுக்கெல்லாம் அவர் வீட்டுத் திண்ணைதான் கலாசாலை. இண்டர்மீடியட்டோடு நின்றுபோன என் படிப்புக்கு மிச்சத்தைச் சேர்த்தவர் அவர்தான் என்று சொன்னால் மிகையாகாது. ஒருநாள் சாயங்காலம் ஒரு பழைய கேஸட்டைப் போட்டுவிட்டு, “பேசாமல் கேளுங்க, தம்பி” என்றார்.

ஆழமான கிணற்றில் ராட்டினம் மெல்ல மெல்ல இழுக்க, நிறைகுடம் ஒன்று மேலே வருகிற மாதிரி ஒரு குரல் வந்தது. வார்த்தை ஒன்றும் எனக்குப் புரியவில்லை. ஆனால் பாரம் சுமந்து பழகிய ஒரு மனிதன் பாடுகிறான் என்பது புரிந்தது. டீ வந்தது. குடித்தோம். கேஸட்டின் மறுபக்கத்தையும் கேட்டோம். பிறகு பெரியவர் கதை சொல்ல ஆரம்பித்தார்.

ரோப்ஸனின் தகப்பனார் அடிமையாகப் பிறந்தவர். வட கரோலைனாவில் ஒரு தோட்டத்திலிருந்து, பதினைந்து வயசில், தப்பியோடியவர். பிறகு படித்துப் பாதிரியாரானார். பிரின்ஸ்டனில் அவருக்கு வாய்த்திருந்த சபையிலிருந்து விலக்கப்பட்டபோது, குதிரை வண்டி கட்டிக்கொண்டு வீடுவீடாகச் சாம்பல் அள்ளினார். 1898-இல் பிறந்த பால் அந்தச் சாம்பல் வண்டியைப் பார்த்து வளர்ந்தவன். ஆறு வயசு நிரம்புவதற்குள் தாய் தீ விபத்தில் போய்விட்டாள். பையன் உதவிச் சம்பளம் பெற்று ரட்கர்ஸ் கலாசாலையில் சேர்ந்தான். அங்கே அதற்கு முன் படித்த கறுப்பு மாணவர்கள் இரண்டே பேர். கால்பந்தில் நாட்டிலேயே முதல் வரிசை ஆட்டக்காரன், படிப்பிலும் முதல் வரிசை. பின்னால் கொலம்பியாவில் சட்டம் படித்து வக்கீலானார். ஓர் அலுவலகத்தில் வேலைக்கும் சேர்ந்தார். அங்கிருந்த வெள்ளைக்கார ஸ்டெனோகிராபர், கறுப்பன் சொல்லித் தான் எழுதுவதில்லை என்று மறுத்துவிட்டார். ரோப்ஸன் கோட்டை மாட்டிக்கொண்டு வெளியே வந்தார். வக்கீல் தொழிலுக்குத் திரும்பவேயில்லை.

அந்த ஸ்டெனோகிராபர் ஒழுங்காகக் குறிப்பெடுத்திருந்தால் உலகத்துக்கு ஒரு வக்கீல் கிடைத்திருப்பார், ஒரு பாடகர் கிடைத்திருக்க மாட்டார் என்று பெரியவர் சிரிப்பார். எனக்கு அந்தச் சிரிப்பு முழுதாகப் பிடித்ததில்லை. அவமானத்தினால் விளைந்த நன்மைக்காக அவமானத்துக்கு நன்றி சொல்ல முடியுமா, என்ன?

நாடக மேடையில் அவர் ஒதெல்லோவாக நடித்ததை ஷேக்ஸ்பியர் படித்தவர்கள் அறிவார்கள். 1943-இல் நியூயார்க்கில் தொடங்கிய அந்த நாடகம் 296 தடவை நடந்தது. வெளியூர்களுக்குப் போனபோது, கறுப்பரையும் வெள்ளையரையும் பிரித்து உட்கார வைக்கிற அரங்குகளில் நடிக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டார். இதைவிட எனக்கு முக்கியமாகத் தோன்றுவது வேறொன்று. ‘ஷோ போட்’ என்ற நாடகத்தில் மிஸிஸிப்பி நதியைப் பற்றி ஒரு பாட்டு. அவருக்குப் புகழ் தேடிக்கொடுத்தது அதுதான். வாழ்ந்து வாழ்ந்து சலித்து, சாவதற்கும் பயந்துபோன ஒரு கூலிக்காரனின் புலம்பல் அது. எழுதியவர் எழுதியபடி சில வருஷங்கள் பாடினார். பிறகு கச்சேரி மேடைகளில் வார்த்தைகளை மாற்றினார். புலம்பலை எடுத்துவிட்டு, சாகும் வரையில் போராடுவேன் என்று வைத்துக்கொண்டார். எழுதியவருக்கு இது பிடிக்கவில்லையாம். நான் எழுதுகிறவன், என் வரியை ஒருவர் மாற்றினால் எனக்கும் கோபம் வரும். ஆனால் அந்தக் கூலிக்காரனுடைய பேரன்தானே பாடுகிறான்? பாட்டனார் என்ன நினைத்தார் என்பதில் அவனுக்குக் கொஞ்சம் பாத்தியதை இல்லையா?

கலைஞன் நடுநிலை வகிக்க முடியாது, சுதந்திரமா அடிமைத்தனமா என்று ஏதாவது ஒரு பக்கம் அவன் நின்றாக வேண்டும் என்ற கருத்தை 1937-இல் லண்டன் ஆல்பர்ட் மண்டபத்தில் அவர் சொன்னார். சொன்னபடி நின்றும் காட்டினார். ஸ்பெயினில் உள்நாட்டு யுத்தம் நடந்த காலத்தில் அங்கே போய்ப் போர்வீரர்களிடையே பாடினார். வேல்ஸ் தேசத்து நிலக்கரித் தொழிலாளிகளைச் சொந்தக்காரர்களாகவே பாவித்தார். கறுப்பர்களைக் கும்பல் கூடிக் கொல்வதைத் தடுக்கச் சட்டம் வேண்டும் என்று 1946-இல் ஜனாதிபதி ட்ரூமனிடம் ஒரு கோஷ்டியோடு போய் முகத்துக்கு நேராகக் கேட்டார். 1951 டிசம்பரில், அமெரிக்கா தன் கறுப்பு மக்களுக்குச் செய்வது இனப்படுகொலைக் குற்றம் என்று ஐக்கிய நாடுகள் சபைக்குக் கொடுக்கப்பட்ட விண்ணப்பத்தை, நியூயார்க்கில் அவரே கொண்டுபோய்ச் சேர்த்தார்.

இதற்கெல்லாம் கொடுத்த விலை கொஞ்சமல்ல. 1949 செப்டம்பரில் பீக்ஸ்கில் என்ற ஊருக்கருகே அவர் பாடி முடித்தபின், வீடு திரும்பிய ஜனங்களின் கார்கள் மேலும் பஸ்கள் மேலும் கல்மாரி பொழிந்தது. நூற்றுக்கு மேற்பட்டவர்களுக்குக் காயம். பீட் ஸீகர் என்ற இன்னொரு பாடகர் தம் காருக்குள் விழுந்த கற்களில் சிலவற்றைப் பத்திரப்படுத்தி, பிற்பாடு தாம் கட்டிய வீட்டின் கணப்படுப்பில் வைத்துப் பூசினார். 1950-இல் சர்க்கார் ரோப்ஸனின் பாஸ்போர்ட்டைப் பறித்தது. உள்நாட்டில் அரங்குகள் மூடப்பட்டன. வெளிநாட்டுக்கும் போகக் கூடாது. வருஷத்துக்கு லட்சம் டாலருக்கு மேல் சம்பாதித்தவருடைய வருமானம் சில ஆயிரத்துக்கு இறங்கிவிட்டது.

அந்த எட்டு வருஷங்களில் நடந்த இரண்டு சம்பவங்களை எத்தனை தடவை சொன்னாலும் எனக்கு அலுக்காது. 1952 மே மாதம் கனடா எல்லையில், அமெரிக்க மண்ணின் விளிம்பில் ஒரு லாரியைக் கொண்டுபோய் நிறுத்தி, அதன்மேல் ஏறி நின்றுகொண்டு அந்தப் பக்கத்து ஜனங்களுக்குப் பாடினார். கால் இந்தப் பக்கம். குரல் அந்தப் பக்கம். பாஸ்போர்ட் அதிகாரிகள் குரலுக்கு என்ன செய்வார்கள்? இன்னொன்று 1957-இல். வேல்ஸில் போர்த்கால் என்ற ஊரில் சுரங்கத் தொழிலாளிகளின் விழா. நியூயார்க்கில் ஓர் அறையில் உட்கார்ந்தபடி, கடலடி டெலிபோன் கம்பி வழியாக அவர்களுக்குப் பாடினார். அங்கே ஆயிரக்கணக்கானவர் கேட்டார்கள். பிறகு அவர்களும் அதே கம்பி வழியாக அவருக்குப் பாடினார்கள். பெரியவர் இந்த இடத்தைச் சொல்லும்போது மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார்.

நம் நாட்டுக்கும் இதில் கொஞ்சம் பெருமை உண்டு. 1958-இல் அவருடைய அறுபதாவது பிறந்த நாளை இந்தியாவில் கொண்டாட ஏற்பாடு நடந்தபோது, அமெரிக்கத் தரப்பின் அதிருப்தியைப் பொருட்படுத்தாமல் நேரு அதை வரவேற்றார். கொலம்பியாவில் படிக்கப் போயிருந்த அஸ்ஸாமியப் பாடகர் பூபேன் ஹஸாரிகா ரோப்ஸனோடு பழகி, அந்த மிஸிஸிப்பிப் பாட்டின் உணர்ச்சியைப் பிரம்மபுத்திராவுக்குக் கொண்டுவந்து சேர்த்தார். அதே 1958-இல், வேறொருவர் தொடுத்த வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பினால் ரோப்ஸனுக்குப் பாஸ்போர்ட் திரும்பக் கிடைத்தது. ஆனால் உடம்பும் மனசும் ஓய்ந்துவிட்டிருந்தன. கடைசி வருஷங்களைத் தமக்கையின் வீட்டில் ஒதுங்கிக் கழித்து, 1976 ஜனவரி 23-ஆம் தேதி பிலடெல்பியாவில் காலமானார்.

பெரியவர் சொன்ன கதை இத்துடன் முடிந்துவிடும். வெகுகாலம் வரையில் நானும் இதையே முழுக்கதை என்று நம்பியிருந்தேன். என் முதல் நாவலில் வரும் பாட்டுக்காரக் கிழவனை நான் ரோப்ஸனை நினைத்துக்கொண்டே எழுதினேன் என்பதை இப்போது சொன்னால் வெட்கக்கேடு ஒன்றுமில்லை.

பிற்பாடு சில புஸ்தகங்கள் படிக்கக் கிடைத்தன.

1943-இல் ஸோவியத் தேசத்திலிருந்து இரண்டு யூதக் கலைஞர்கள் அமெரிக்காவுக்கு வந்தார்கள். ஒருவர் மிகோயெல்ஸ் என்ற பெரிய நடிகர். மற்றவர் பெஃபெர் என்ற கவிஞர். ஹிட்லருக்கு எதிராக ஆதரவு திரட்ட வந்த அவர்கள் ரோப்ஸனுக்குச் சிநேகிதர்களானார்கள். 1948 ஜனவரியில் மிகோயெல்ஸ் மின்ஸ்க் நகரத்தில் இறந்துபோனார். மோட்டார் விபத்து என்றது சர்க்கார். ஸ்டாலினின் உத்தரவின் பேரில் செய்யப்பட்ட கொலை அது என்பது இன்று எல்லோருக்கும் தெரிந்த விஷயம். பெஃபெர் சிறையில் தள்ளப்பட்டார். 1949 ஜூனில் மாஸ்கோவுக்குப் போன ரோப்ஸன், என் நண்பர் பெஃபெரைப் பார்க்க வேண்டும் என்று விடாமல் கேட்டார். சிறையிலிருந்து எடுத்து, நல்ல உடை உடுத்தி, ஹோட்டல் அறைக்கு அனுப்பிவைத்தார்கள். அறையில் ஒட்டுக் கேட்கும் கருவி இருந்தது. வாய் க்ஷேமலாபங்களைப் பேசிக்கொண்டிருக்க, பெஃபெர் கை ஜாடையாலும் துண்டுக் காகிதத்தாலும் உண்மையைத் தெரிவித்தார். மிகோயெல்ஸ் கொல்லப்பட்டார், இன்னும் பலர் உள்ளே இருக்கிறார்கள். தம் கதி என்ன என்று சொல்ல, கழுத்தின் குறுக்கே விரலை இழுத்துக் காட்டினார். ரோப்ஸனின் மகன், தகப்பனார் காலமான பிறகு வெளியிட்ட விவரம் இது.

சில தினங்களுக்குள், ஜூன் 14-ஆம் தேதி, மாஸ்கோவில் சாய்காவ்ஸ்கி மண்டபத்தில் கச்சேரி. கடைசியில் ரோப்ஸன் மிகோயெல்ஸையும் பெஃபெரையும் பெயர் சொல்லி, அவர்களுடைய நட்பைப் பற்றிப் பேசினார். பிறகு யித்திஷ் பாஷையில் ஒரு பாட்டுப் பாடினார். வார்சாவில் யூதர்கள் நாஜிகளை எதிர்த்து எழுந்ததைக் கேள்விப்பட்டு, வில்னாவில் அடைபட்டிருந்த ஓர் இளங்கவிஞன் எழுதிய போராட்டப் பாட்டு அது. ஒரு யூதனின் பெயரை உரக்கச் சொல்லவே ஜனங்கள் நடுங்கிய ஊரில், அந்தச் சபையில், அந்தப் பாட்டு! அந்தக் கச்சேரியின் பதிவு இருக்கிறது. அதில் அவருடைய பேச்சு வெட்டப்பட்டுவிட்டது, பாட்டு மிஞ்சியிருக்கிறது. நான் கேட்டிருக்கிறேன். பாட்டு முடிந்ததும் எழுகிற ஆரவாரத்தில் கைதட்டல் எது, எதிர்ப்பு எது என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. கேட்கிறவனுக்கு உடம்பு சிலிர்க்கிறது.

இத்தோடு நிறுத்திக்கொண்டால் எவ்வளவு அழகாயிருக்கும்! ஆனால் அவர் அமெரிக்கா திரும்பியதும் பத்திரிகைக்காரர்கள் கேட்டார்கள், அங்கே யூதர்களுக்குத் துன்பமாமே என்று. அப்படி ஒன்றும் இல்லை என்று ரோப்ஸன் பதில் சொன்னார். தெரியாது என்று சொல்லவில்லை. இல்லை என்று சொன்னார். ஹோட்டல் அறையில் நடந்ததை மகனிடம் மட்டும் சொல்லி, தாம் உள்ளவரை வெளியிடக் கூடாது என்று வாக்கு வாங்கிக்கொண்டார். 1952 ஆகஸ்ட் 12-ஆம் தேதி பெஃபெரும் இன்னும் பன்னிரண்டு பேரும் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அதே வருஷத்துக்கான ஸ்டாலின் பரிசு ரோப்ஸனுக்குக் கொடுக்கப்பட்டது. அடுத்த வருஷம் ஸ்டாலின் செத்தபோது இவர் உருகி ஓர் அஞ்சலி எழுதினார்.

இதை என்னவென்று சொல்வது?

கோழைத்தனம் என்று சொல்லிவிட முடியாது. கல்லெறியில் நின்று பாடியவன் கோழையா? 1956-இல் அமெரிக்கக் காங்கிரஸின் விசாரணைக் குழு அவரைக் கூப்பிட்டு மிரட்டியது. ரஷ்யாவிலேயே தங்கியிருக்கலாமே என்று ஒருவர் கேட்டார். என் தகப்பன் அடிமையாயிருந்தான், என் ஜனங்கள் செத்துக் கட்டிய நாடு இது, இங்கேதான் இருப்பேன் என்ற பொருளில் அவர் கொடுத்த பதிலைப் படித்தால், எழுந்து நின்று கைதட்டத் தோன்றும். அதே விசாரணையில் ஸ்டாலினுடைய முகாம்களைப் பற்றிக் கேட்டபோது, அது ஸோவியத் ஜனங்களின் பிரச்னை, என் இனத்தைக் கோடிக்கணக்கில் பலி கொடுத்தவர்களோடு அதைப் பற்றி வாதாட மாட்டேன் என்றார். கேள்வி கேட்டவர்களுக்கு இது சரியான சவுக்கடி. அவர்களுக்குக் கேட்க யோக்கியதை கிடையாதுதான். ஆனால் பெஃபெருக்கு இருந்ததே? கழுத்தில் விரலை இழுத்துக் காட்டியவன் அமெரிக்கக் காங்கிரஸ் மெம்பர் அல்லவே!

இதில்தான் நான் மாட்டிக்கொண்டு விழிக்கிறேன். ரோப்ஸனுக்காக வாதாடுகிறவர்கள் சொல்லும் நியாயம் எனக்குப் புரிகிறது. தன் இனத்தை மரத்தில் தூக்கிலிடும் கும்பலைக் கண்டும் காணாமலிருந்த ஒரு தேசத்தில், தன்னை மனிதனாக நடத்திய முதல் தேசம் என்று ரஷ்யாவை அவர் நினைத்தார். அதைப் பற்றி ஒரு குறை சொன்னால், மறுநாள் காலையில் கும்பல்காரன் அதைக் கொடியாகப் பிடித்துக்கொண்டு வருவான். கறுப்பர்களுடைய போராட்டமே சிதைந்துபோகும். அவர் பேசியிருந்தாலும் பெஃபெர் பிழைத்திருப்பார் என்று யார் உத்தரவாதம் தருவார்கள்? பெஃபெரே போலீஸுக்குத் துப்புச் சொன்னவர்தான் என்றும் பிற்காலத்தில் தெரியவந்திருக்கிறது.

எல்லாம் சரி. ஆனால் உத்தரவாதம் இருந்தால்தான் உண்மையைச் சொல்வேன் என்று ரோப்ஸன் வேறெந்த விஷயத்திலாவது இருந்தாரா? ட்ரூமனிடம் போனபோது உத்தரவாதம் இருந்ததா? பீக்ஸ்கில்லில்? எதிரியின் அநியாயத்தைச் சொல்ல வேண்டிய இடத்தில் பலனைக் கணக்குப் பார்க்காத மனிதன், நம்முடையவர்களின் அநியாயம் என்று வந்ததும் கணக்குப் பிள்ளையாகிவிடுகிறான். பெஃபெர் துப்புச் சொன்னவரா இல்லையா என்பதும் இதில் சேர்த்தியில்லை; மனித உரிமை என்பது நற்சான்றுப் பத்திரம் பார்த்துக் கொடுக்கிற இனாமா?

புண்ணியத்தையும் பாவத்தையும் தராசில் வைத்து, புண்ணியத் தட்டு தாழ்கிறது, ஆகவே மன்னித்துவிடலாம் என்று சொல்கிறவர்கள் உண்டு. எனக்கு அந்தத் தராசில் நம்பிக்கையில்லை. வேல்ஸ் தொழிலாளிக்குச் செய்த உபகாரத்தை மாஸ்கோ சிறையிலிருந்த ஒருவனுடைய கடனில் எப்படிக் கழிக்க முடியும்? பணம் போட்டவன் ஒருவன், இழந்தவன் இன்னொருவன். ஆனால் அந்த ஒரு மௌனத்துக்காக ரோப்ஸனை என் மனசிலிருந்து இறக்கிவிடச் சொன்னால் அதற்கும் நான் தயாரில்லை. அந்த மண்டபத்தில் பாடியவரும் அவர்தானே! வாய் பொய் சொல்லத் துணிவதற்கு முன்னால் பாட்டு உண்மையைச் சொல்லிவிட்டது. பாடியதனாலேயே தம் கடமை தீர்ந்தது என்று அவர் நினைத்துவிட்டாரோ என்றும் எனக்குச் சந்தேகம் உண்டு. கலைஞர்களுக்கு அந்த அபாயம் அதிகம். ஒரு கதையில் எழுதிவிட்டால் போதும், நேரில் கேட்டதாகவே ஆகிவிட்டது என்று நாங்கள் திருப்தியடைந்து தூங்கிவிடுவோம்.

இதையெல்லாம் ஒருநாள் பெரியவரிடம் போய்க் கேட்டேன். 2006-ஆம் வருஷம் நவம்பர் மாதம். அந்த அக்டோபர் 10-ஆம் தேதி முதல்தான் பதினான்கு வயசுக்கு உட்பட்ட குழந்தைகளை வீட்டு வேலைக்கு வைக்கக் கூடாது என்ற தடை அமலுக்கு வந்திருந்தது. அதை வரவேற்றுப் பெரியவர் எங்கள் ஊர் நூல்நிலைய மைதானத்தில் பேசிய பேச்சு இன்னும் என் காதில் இருக்கிறது. அதைவிட நல்ல பேச்சை நான் கேட்டதில்லை.

பெஃபெரின் கதையை அவர் பொறுமையாகக் கேட்டார். அவருக்கு முன்பே தெரிந்திருந்தது என்பது முகத்தைப் பார்த்ததும் விளங்கியது.

“தம்பி, நம்ம வீட்டுக் குறையை நாமே தெருவில் போட்டால், எதிரிக்கு வேறே ஆயுதம் எதுக்கு?” என்றார்.

அப்போது பாப்பா வந்து டம்ளர்களை எடுத்துக்கொண்டு போனாள்.

ஆரம்பத்தில், டீ வந்தது என்று எழுதினேன். டீ தானாக வரவில்லை. முதல் தடவை அதைக் கொண்டுவந்தவள் வேறொரு பெண். அதற்குப் பின் வந்தவள் இந்தப் பாப்பா. தெற்கே ஏதோ கிராமத்திலிருந்து ஒன்பது வயசில் கொண்டுவந்து விட்டார்கள். அப்போது பன்னிரண்டு இருக்கலாம். பெரியவரின் சம்சாரத்துக்கு முடக்குவாதம். ஆள் இல்லாமல் முடியாது. வீட்டில் அவளை யாரும் அடித்ததில்லை, பட்டினி போட்டதில்லை. தீபாவளிக்குப் பாவாடை சட்டை உண்டு. பள்ளிக்கூடம் மட்டும் கிடையாது. ஆயிரம் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்த மனிதரின் வீட்டில் அவளுக்குத் தன் பெயர் எழுதத் தெரியாது.

எனக்குத் தெரியும். அந்தத் திண்ணையில் உட்கார்ந்த எங்கள் எல்லோருக்கும் தெரியும். வெளியில் சொன்னால், அவரை ஒழிக்கக் காத்திருந்த காண்டிராக்டர்களும் சாதிப் பிரமுகர்களும் அடுத்த நாளே நோட்டீஸ் அடித்திருப்பார்கள். துப்புரவுத் தொழிலாளிகளின் வழக்கு பாழாய்ப் போயிருக்கும். இது வெறும் சாக்கு அல்ல. நிஜமாகவே அப்படித்தான் நடந்திருக்கும். ஆனால் வெளியில் சொல்ல வேண்டாம். அவரிடம் தனியாகச் சொல்லியிருக்கலாமே? “ஐயா, பாப்பாவைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கலாமே” என்ற நாலு வார்த்தைக்கு என்ன செலவு? அன்றைக்கு ரோப்ஸனைப் பற்றி ஒரு மணி நேரம் அவரோடு வாதாடினேன். உலகத்து மௌனங்களையெல்லாம் கண்டித்தேன். பாப்பா இரண்டு தடவை வந்து போனாள்.

அவர் காலமாகி இப்போது வெகுகாலம் ஆகிறது. நினைவு மலரில் ஒரு கட்டுரை எழுதச் சொன்னார்கள். மனித உரிமைக்காக வாழ்ந்த மாமனிதர் என்று தலைப்புக் கொடுத்து ஆறு பக்கம் எழுதினேன். அதில் பொய் ஒன்றும் கிடையாது. பலர் படித்துவிட்டுக் கண்கலங்கியதாகச் சொன்னார்கள். தொழிலாளிகள் அந்த வழக்கில் ஜெயித்தார்கள். இன்றைக்கும் அவர் படத்துக்கு மாலை போடுகிறார்கள். போட வேண்டியதுதான். நானும் போடுகிறேன்.

சவ அடக்கத்தன்று அந்த வீட்டில் கால் வைக்க இடமில்லை. வாசல் முழுக்கத் தொழிலாளிகள். பெண்கள் தலையில் அடித்துக்கொண்டு அழுதார்கள். நான் சுவரோரமாக நின்றிருந்தேன். கூட்டத்தைப் பிளந்துகொண்டு பாப்பா வந்தாள். தட்டு நிறையக் காப்பி டம்ளர்கள். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது.

“அண்ணே, நீங்க காலையிலேருந்து ஒண்ணும் குடிக்கலியே” என்றாள்.

ஒரு டம்ளரை எடுத்துக்கொண்டேன்.